தாண்டிப் போ

"தாண்டிப் போடா! குனியாத, தாண்டிப் போ!"

பயிற்சியாளர் பிரெவிட்டின் கத்தல் முதுகில் அறைந்தது.

பயிற்சிக்காக எடுத்திருந்த, மூடிக் கிடந்த துணிக்கடையின் மாடியில் மறுபடியும் துப்பாக்கி வெடித்தது. வெற்றுத் தோட்டாதான்.

ஒடெல், அமெரிக்காவின் டொலிடோ நகரில் ஒரு வணிக வளாகத்துக் காவலாளி. எவனாவது துப்பாக்கியோடு புகுந்து கண்டபடி சுட ஆரம்பித்தால் என்ன செய்ய வேண்டும் என்று கற்றுவர அனுப்பியிருந்தார்கள்.

காலையிலிருந்து இரண்டு முறை தோற்றுவிட்டான். இரண்டு முறையும், அடிபட்டதாக நடித்துக் கிடந்தவளின் பக்கத்தில் மண்டியிட்டான். அதற்குள் மேலே இன்னொரு அறையில் இருந்தவர்களைச் சுட்டுத் தீர்த்திருந்தான் அந்தப் போலிக் கொலைகாரன்.

முதலில் சுடுகிறவனை நிறுத்து. விழுந்தவர்களைப் பிறகு பார். விதி அவ்வளவுதான்.

மூன்றாவது முறை.

புகை. அலறல். படிக்கட்டின் அடியில் ஷார்லீன் கிடந்தாள். அடிபட்டவளாக நடிக்க வருகிற, தலை நரைத்த பெண். தொடை முழுக்கச் சிவப்புச் சாயம். அவன் காலை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டாள்.

"போகாதய்யா... ரத்தம் நிக்கல. தம்பி, செத்துருவேன்யா!"

உதறினான். விடவில்லை. நகங்கள் சதையில் இறங்கின.

பல்லைக் கடித்துக்கொண்டு அவள் தோளில் ஓங்கி உதைத்தான். தலை படியில் மோதுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் ஏறினான். கதவை உதைத்துத் திறந்து, உள்ளே துப்பாக்கியோடு நின்ற தடியனின் நெஞ்சில் சாயக் குண்டுகளை இறக்கினான்.

விசில் ஒலித்தது.

கீழே ஓடிவந்தான். ஷார்லீன் உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உதடு கிழிந்திருந்தது. இது சாயமில்லை.

"ஐயோ, மன்னிச்சிருங்கம்மா..."

"எதுக்கு? இப்படித்தான் போகணும். நெசமாவே ஒருத்தன் புகுந்து சுட்ட அன்னிக்கு, காப்பாத்த வந்தவரு ஒருத்தர் எங்கிட்ட நின்னுட்டாரு. பெல்ட்டக் கழட்டி என் தொடையக் கட்டி, என்னப் பொழைக்க வெச்சாரு. என் மக அடுத்த ரூம்ல இருந்தா."



பிரெவிட் வந்து கை நீட்டினார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்தாள்.

"இந்தப் பையன் தேறிட்டான், பிரெவிட்," என்றாள். "அன்னிக்கு நீங்களும் என்ன ஒதச்சிட்டுப் போயிருக்கணும்."