மாடி வீட்டுக்காரருக்குப் பிடிக்காத மோட்டார்

"ரம்பத்தை நிறுத்துங்க சார்! மேலே மனுஷங்க குடியிருக்க வேண்டாமா?"

மறுபடியும் வந்துவிட்டார் மாடி வீட்டுக்காரர். நான் மெஷினைப் போட்டு முழுசாக ஐந்து நிமிஷம் ஆகவில்லை. இந்த மனுஷனுக்கு எப்படித்தான் மூக்கில் வேர்க்குமோ!

கார் நிறுத்தவேண்டிய ஷெட்டுதான் என் பட்டறை. வாரம் பூரா ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை வந்தால் மரவேலை. அடுத்த மாதம் மகளுக்குப் பிரசவம். பேரனோ பேத்தியோ, நான் செய்த தொட்டிலில்தான் முதலில் படுக்க வேண்டும் என்று மரச்சட்டங்களை அறுக்க ஆரம்பித்திருந்தேன்.

"இன்னும் நாலே நாலு கட்டைதான் சார்..." என்று இழுத்தேன்.

அவர் தன் பாட்டுக்குக் கத்தினார். "இந்த அலறல் மோட்டாரைக் கழட்டித் தூரப் போடுங்க. சத்தமில்லாம பெல்ட்ல ஓடற இண்டக்‌ஷன் மோட்டாரா மாத்துங்க. அடுத்த வாரமும் இதையே ஓட்டினீங்கன்னா, குடியிருப்போர் சங்கத்துல எழுதிக் கொடுத்து ஷெட்டையே பூட்ட வச்சிடுவேன்!"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று படியேறிப் போய்விட்டார்.

எனக்கு வந்ததே கோபம்! உள்ளே போய் மனைவியிடம் பொரிந்து தள்ளினேன்.

"பார்த்தியா அந்த மாடி மகாராஜாவை? பட்டறையைப் பூட்டுவாராமே! தொட்டில் பாதியில நிக்குது."

"அவர் சொன்னதுல என்ன தப்பு?" என்றாள். "காது டாக்டரும் அதையேதானே சொன்னார்? இடது காது பாதி போச்சு, இந்தச் சத்தத்துலயே நின்னா மிச்சமும் போயிடும்னு. ஆறு மாசமா நானும் தலைதலையா அடிச்சுக்கறேன். வாங்கிக் கொடுத்த காது மூடியையும் ஆணியில மாட்டி வச்சிருக்கீங்க."

"காதை மூடிக்கிட்டா மரம் எங்கே திணறுதுன்னு எப்படித் தெரியும்? உனக்கு இதெல்லாம் புரியாது. சும்மா இரு."

அவள் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

டாக்டர் சொல்லி அசையாதவன், பெண்டாட்டி சொல்லி அசையாதவன், பட்டறைக்குப் பூட்டு என்றதும் ஆடிப்போனேன். மறுநாளே ஆபீஸ் விட்டதும் மோட்டார் கடைக்கு ஓடினேன். ஒன்றரை எச்.பி. மோட்டார், பெல்ட் மாட்ட இரண்டு புல்லிச் சக்கரம், ஒரு பெல்ட். கடை மெக்கானிக்கையும் கையோடு கூட்டி வந்தேன்.

"பழைய மோட்டார் என்னாச்சு சார், எரிஞ்சிடுச்சா?"

"அது நல்லாத்தான் இருக்கு. மாடி வீட்டுக்காரர் வயிறுதான் எரியுது."

மெக்கானிக் சிரித்துக்கொண்டே பழையதைக் கழற்றினார். இரும்புத் தகடு வைத்துப் புதியதை முடுக்கினார். இரண்டு புல்லியும் ஒரே நேராக இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்தார். சுவிட்சைப் போட்டால் பிளேடு பின்பக்கமாகச் சுற்றுகிறது!

"மோட்டாரைத் திருப்பி வச்சிருக்கோம்ல, அதான்" என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டு வயரை மாற்றிக் கொடுத்தார்.

இரண்டாவது தடவை போட்டதும், சீலிங் ஃபேன் ஓடுகிற மாதிரி மெல்லிசாக ஒரு ரீங்காரம். அவ்வளவுதான். கட்டையைத் தள்ளினேன். அடேயப்பா! பழைய மோட்டார் முக்கி முனகிக் கருக்கிவிடுகிற கெட்டிக் கட்டை, வழவழவென்று இரண்டாகப் பிளந்து வந்தது.

"ஏங்க, சாப்பிட வாங்க!"

சமையலறையிலிருந்து மனைவியின் குரல். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட்டது. இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. "இதோ வந்துட்டேன்!" என்று பதிலுக்குக் கத்தியபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டே ஞாயிற்றுக்கிழமையில் தொட்டில் முடிந்தது. மனைவி அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஊர் உலகத்தில் திட்டினவருக்கு யாராவது நன்றி சொல்வார்களா? ஆனாலும் அந்த மனுஷன் திட்டாமல் இருந்திருந்தால் இந்த மோட்டார் ஏது? வீம்பை ஓரமாக வைத்துவிட்டு மாடி ஏறினேன்.

அவர் மனைவிதான் கதவைத் திறந்தார். "வாங்க தம்பி, உட்காருங்க."

மாடி மகாராஜா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"உட்கார வரலைம்மா. சாருக்கு நன்றி சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். இவ்வளவு நாள் சத்தம் போட்டு ரொம்பத் தொல்லை கொடுத்துட்டேன். மன்னிச்சுக்கணும் சார்."

அவர் திரும்பவே இல்லை. இன்னுமா கோபம் என்று எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

"இவருக்கு ஏது தம்பி தொல்லை?" என்றார் அந்த அம்மா. "மில்லுல முப்பது வருஷம் மெஷின் பக்கத்துல நின்னவர். ரெண்டு காதும் போயி ஏழு வருஷமாச்சு. இடி விழுந்தாலும் கேக்காது."

நான் திகைத்துப்போனேன். "அப்போ நான் மெஷினைப் போட்டதும் சொல்லி வச்ச மாதிரி இறங்கி வருவாரே, எப்படிம்மா?"

"உங்க வீட்டம்மாதான் போன்ல மெசேஜ் போடுவாங்க. ஒருநாள் அழுதுக்கிட்டே இங்கே வந்து, 'நான் சொன்னா கேக்க மாட்டேங்கறார், காது மொத்தமும் போயிடும்போல இருக்கு'ன்னு பேப்பர்ல எழுதிக் காட்டினாங்க."

"சார் என்ன சொன்னார்?"

"'பொண்டாட்டி பேச்சைக் கேக்காமத்தான்மா நானும் இப்படி ஆனேன். என்கிட்ட சண்டைக்கு வர அப்போ ஒரு மாடி வீட்டுக்காரன் இல்லாம போயிட்டான். உங்க வீட்டுக்காரருக்கு நான் இருக்கேன்'னார்."