மூடி இல்லாத ரிமோட்

ஒரு வீட்டில் டிவி, செட்டாப் பாக்ஸ், ஸ்பீக்கர் மூன்றும் ஆளுக்கொரு ரிமோட்டின் பேச்சைக் கேட்டு வாழ்ந்து வந்தன. மூன்றையும் தனி ஆளாகவே மேய்த்துவிடலாம் என்று ஒரு புது ரிமோட் வந்து சேர்ந்தது.

வந்ததும் அதன் கண்ணில் பட்டது டிவியின் பழைய ரிமோட். பேட்டரி மூடி இல்லாமல், இடுப்பில் ரப்பர் பேண்டோடு கிடந்தது.

"என்ன அண்ணே, மூடி எங்கே?"

"விழுந்த இடம் தெரியும் தம்பி. எடுக்கத்தான் ஆளில்லை."

புதுசுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் தொழில் கற்க வேண்டுமே. வீட்டுக்காரம்மா இரண்டையும் எதிரெதிரே வைத்து, பட்டன் பட்டனாக அழுத்தினார். பழசு சொல்லச் சொல்ல, புதுசு மனப்பாடம் செய்துகொண்டது. மற்ற இரண்டு ரிமோட்டுகளிடமும் அப்படியே. சாயங்காலத்துக்குள் வீடே புதுசின் சொல்லுக்கு ஆடியது. பழசுகள் டிராயருக்குப் போயின.

"போய் ஓய்வெடுங்க அண்ணே. இனி எல்லாம் நான்தான்."

அன்றைக்கே சீரியல் பார்த்தபடி வீட்டுக்காரம்மா கண்ணயர்ந்தார். கையிலிருந்து நழுவிய புதுசு சோபா இடுக்கில் போய் விழுந்தது. விளம்பரம் வந்ததும் டிவி அலறியது. புதுசு எவ்வளவு கத்தியும் குரல் மெத்தையைத் தாண்டவில்லை. திடுக்கிட்டு எழுந்தவர் இங்கும் அங்கும் தேடிவிட்டு டிராயரைத் திறந்தார். பழசு ஒரே சொல் சொன்னது, டிவி அடங்கியது.

பிறகு அது சோபாவைப் பார்த்துக் கூப்பிட்டது.

"தம்பி, பக்கத்துல தட்டையா ஒண்ணு கிடக்குமே?"

புதுசு தடவிப் பார்த்தது. "ஆமா அண்ணே."

"அதுதான் என் மூடி. வரும்போது மறக்காம எடுத்துட்டு வா."