அலமாரியில் தங்காத புத்தகம்

"இந்தப் புத்தகம் வந்த நாள்லேர்ந்து நம்ம அலமாரியில ஒரு ராத்திரிகூடத் தூங்கினதில்லை!" என்று நூலகர் ஒலிபெருக்கியில் சொன்னதும் கைதட்டலில் கூரை ஓடு பறந்தது.

கூரை கான்கிரீட்தான். ஓடாக இருந்திருந்தால் பறந்திருக்கும்.

எங்கள் தெரு நூலகத்தின் ஆண்டு விழா. கூட்டமோ கடல். பாதிக் கடல் டீக்கு வந்தது, மீதிக் கடல் தினமும் ஓசியில் பேப்பர் படிக்க வருவது. அதனால் என்ன, அலை அலைதானே?

இந்த ஆண்டு அதிகம் எடுத்துச் செல்லப்பட்ட புத்தகம் என்னுடைய 'எங்கள் வீட்டுக் கூத்து'. ரயிலில் டிக்கெட் பரிசோதித்து ஓய்வுபெற்றவன் எழுதிய ஒரே நூல். நூலகத்தில் கொடுத்த இந்தப் பிரதியைத் தவிர மற்றதையெல்லாம் பரணில் கறையான் தின்றுவிட்டது. எழுத்து அவ்வளவு ருசி.

அதில் மகுடம் மூன்றாம் அத்தியாயம். என் மகளின் கல்யாணம் நின்றுபோன கதை.

நடந்தது சப்பென்று இருக்கும். மாப்பிள்ளை வரவில்லை, அவ்வளவுதான். அதை அப்படியே எழுதினால் எவன் படிப்பான்? மண்டபத்துக் கழிப்பறை ஜன்னல் வழியாக அவனைக் குதிக்க வைத்தேன். பின்னால் நான்கு நாய்களை அவிழ்த்துவிட்டேன். மணப்பெண்ணைக் கண்மை மூக்குவரை வழிய வாசலில் நிறுத்தி, போகிற வருகிற பஸ்ஸையெல்லாம் கைகாட்டி மறித்து, உள்ளே மாப்பிள்ளை இருக்கிறாரா என்று கேட்க வைத்தேன்.

எழுதும்போதே எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு.

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியாண்ணே?" என்றாள் என் தங்கை, அப்போதே. நான் பெற்ற மகள், நான் எழுதும் கதை. நடுவில் யாரைக் கேட்பது?

"இன்னொரு ஆச்சரியம்!" என்றார் நூலகர். "ஒவ்வொரு தடவையும் இதை எடுத்தது ஒரே வாசகர்தான். கெடு முடியற அன்னைக்குக் கொண்டுவந்து காட்டிட்டு, அப்பவே மறுபடி எடுத்துட்டுப் போயிடுவாங்க. மேடைக்கு வாங்கம்மா!"

கடைசி வரிசையிலிருந்து என் மகள் எழுந்து வந்தாள். மருந்துக்கடை வேலையிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும். சீருடைகூட மாற்றவில்லை.

"பெத்த மகளே ரசிகையா? கொடுத்துவச்ச மனுஷன்யா நீர்!" என்று முன்வரிசையிலிருந்து கத்தினார் பேப்பர்ப் பிசாசு. காலையில் பிடித்த நாளிதழை இருட்டும்வரை விடமாட்டார் என்பதால் அந்தப் பட்டம்.

என் நெஞ்சு மூன்று சட்டை அகலத்துக்கு விரிந்தது.

மகள் புத்தகத்தை மேஜைமேல் வைத்தாள். அட்டை தெரியாதபடி மருந்துக்கடைக் காகிதத்தில் உறை போட்டிருந்தாள். நூலகர் அதைப் புரட்டிக் காட்டப் பார்த்தார். பக்கங்கள் அச்சகத்து விறைப்பு குறையாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன.

ஓரிடத்தில் மட்டும் தானாக விரிந்தது. எந்த இடம் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

"ஐயா இதைப் புதுசா அச்சடிச்சு, நம்ம நூலகத்துக்கு அன்பளிப்பாவும் கொண்டுவந்திருக்கார்!" என்று நூலகர் மேடையில் என் காலடியில் இருந்த அட்டைப்பெட்டியைக் காட்டினார். பேப்பர்ப் பிசாசு அதற்குள் முன்வரிசையிலிருந்தே எட்டிப் பெட்டியைப் பிரித்து ஒன்றை உருவிவிட்டார். நடுவில் எங்கோ திறந்தார்.

"யோவ், நாலு நாயா!"

சிரிப்பு நாற்காலிக்கு நாற்காலி தாவியது. பக்கத்தில் இருந்தவர் எட்டிப் படித்தார். அவருக்குப் பின்னால் இருந்தவர் எழுந்து நின்று, வராத பஸ்ஸுக்குக் கை காட்டினார். கூடம் இரண்டுபட்டது. இதில் மட்டும் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

மகள் சிரிக்கிறவர்களைப் பார்க்கவில்லை. என் பக்கமாகக் குனிந்து பெட்டிக்குள் பார்த்தாள்.

"எத்தனைப்பா?"

"பத்து" என்றேன்.

அவள் கைப்பையைத் திறந்து, ஓரம் நைந்துபோன நூலக அட்டையை எடுத்தாள்.

"ஒரு கார்டுக்கு ரெண்டுதான்பா தருவாங்க."