சுற்றிக் காட்டியவர்

கல்கத்தா பயணிகள் ஆபீஸின் குதிரைக் கோச்சில், மதராஸ் பெண்களோடு பாகீரதியும் ஏறி உட்கார்ந்தாள். அவளைப் பார்த்ததும் வழிகாட்டிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு சமாளித்துக்கொண்டு, காளிகாட்டையும் அலிப்பூர் மிருகக்காட்சிசாலையையும் சளைக்காமல் சுற்றிக் காட்டினார்.

பாகீரதி எதைக் கேட்டாலும், "கேளுங்கோ மாமி, அதுக்குத்தானே இருக்கேன்" என்று குழைந்தார்.

"ரொம்ப நன்னா காட்டினார்" என்று திரும்பி வந்ததும் மானேஜரிடம் சொன்னாள்.

"யாரு? பேரைச் சொல்லுங்கோ, உத்தியோகத்தை உசத்தறேன்."

பாகீரதி தலையைக் குனிந்துகொண்டாள். "பேரை மட்டும் கேக்காதேங்கோ."

"ஏன், தப்பா நடந்துண்டாரா?"

"ஐயையோ! ஆத்துக்காரர் பேரை நான் எப்படிச் சொல்றது? கல்யாணமாகி வந்ததுலேர்ந்து கெஞ்சறேன். 'இந்த ஊர்ல பாக்க என்ன இருக்கு'ன்னு எரிஞ்சு விழுவார். இன்னிக்கு டிக்கெட் வாங்கிண்டு வந்தேன், மாமி மாமின்னு காட்டினார்!"