நோயில்லாதவர் வரிசை

மதிய வெயில் ஜன்னல் வழியாக ஆய்வக மேசையில் விழுகிறது. இறுதியாண்டு உயிர்வேதியியல் மாணவி தஸ்ரின் சோதனைக் குழாய்களைத் தாங்கியில் வரிசையாக நிறுத்துகிறாள். சிறுநீரக நோயாளிகளின் ரத்தத்தை நோயில்லாதவர்களின் ரத்தத்தோடு ஒப்பிடுவதுதான் அவளும் தோழி அஜிதாவும் செய்யும் ஆய்வு. சிறுநீரகம் கெட்டிருந்தால், ரசாயனம் சேர்த்ததும் மஞ்சள் நிறம் அடர்ந்த ஆரஞ்சாகிவிடும். நோயில்லாதவர் வரிசையில் மற்றவை வெளிறி நிற்க, ஒரு குழாய் மட்டும் ஆரஞ்சாகிக்கொண்டே வருகிறது. அது தேங்காய்ப்பட்டணத்தில் கடலுக்குப் போகும் அவளுடைய வாப்பா நஜ்முதீன், சிரித்துக்கொண்டே கை நீட்டிக் கொடுத்த ரத்தம். “கை மாறி ஊத்தியிருப்போம். இன்னொருக்கா பாப்போம்,” என்கிறாள் அஜிதா. மறுபடியும் செய்கிறார்கள். மின்விசிறிச் சத்தத்தில் இருவரும் குனிந்து காத்திருக்கிறார்கள். அதே நிறம். அஜிதா அவள் தோளில் கை வைக்கிறாள். தஸ்ரின் கையுறையைக் கழற்றிவிட்டு வாப்பாவுக்குப் போன் செய்கிறாள். அந்தப் பக்கம் மீன் ஏலம் விடும் இரைச்சல். “எனக்க ரத்தம் பாஸாயிச்சா மக்கா?” என்று கேட்கிறார் அவர். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறாள். “வாப்பா, நாளைக்கு கடலுக்குப் போவாண்டாம். நாம ஆஸ்பத்திரிக்குப் போவோம்.” ஏலக் குரல்கள் மெல்ல விலகுகின்றன, அவர் கூட்டத்தை விட்டுத் தள்ளி நடக்கிறார். “உம்மாட்ட சொன்னியா?” “இல்ல வாப்பா.” “சொல்லாண்டாம். நான் வாறேன்,” என்கிறார்.