பிரேக் நல்லா புடிக்குது

"பிரேக் சரியா புடிக்கலண்ணா" என்று டிரெய்லர் டிரைவர் ரூபன் சொல்வது இந்த வாரத்தில் எத்தனையாவது முறை என்று அவனுக்கே தெரியாது.

ஓனர் எபநேசர் வழக்கம்போல் கையை உயர்த்தித் தடுத்தார்.

"ஜீவனும் மரணமும் நாக்குலதான் கீதுன்னு வேதம் சொல்லுது. உன் வாயால அப்படி அறிக்கை பண்ணாத. நல்லா புடிக்குதுன்னு விசுவாசமா சொல்லிப் பாரு."

"ஒழைச்சாதான் பலன், வெறும் பேச்சு வறுமையைத்தான் தரும்னு அதே வேதத்துல கீதுண்ணா. ஒரு மெக்கானிக்கைக் கூப்புடுங்க. நேத்து டோல்கேட் சிக்னல்ல ஒரு ஷேர் ஆட்டோ மேல ஏத்தியிருப்பேன்."

"ஏத்தலல்ல? அதான் விசுவாசம்."

ரூபனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விருட்டென்று திரும்பிப் போய்விட்டான்.

மறுநாள் மதியம் திருவொற்றியூர் யார்டுக்கு வந்த எபநேசரிடம் அவனே போய், "பிரேக் நல்லா புடிக்குதுண்ணா" என்றான்.

எபநேசரின் முகம் மலர்ந்தது. "பாத்தியா? வார்த்தைக்கு அவ்ளோ வல்லமை."

"எண்ணூருக்கு லோடு போவுது. நீங்களும் ஏறுங்க, வூட்டாண்ட எறக்கி வுடறேன்."

எபநேசர் சட்டென்று பின்வாங்கினார். "இன்னாடா, வெளையாடுறியா? பிரேக் இல்லாத வண்டில என்னை ஏறச் சொல்ற?"

ரூபன் கிரீஸ் படிந்த கையைத் துடைத்துக்கொண்டு, வண்டிச் சாவியை அவர் கையில் வைத்தான்.

"காலைலேர்ந்து வண்டிக்கு அடியில படுத்துகினு நானே பிரேக் லைனிங் மாத்திட்டேன். இப்போ நெஜமாவே புடிக்குது. வேற டிரைவரைப் பாத்துக்குங்க. நீங்க விசுவாசத்துலதான் சொல்றீங்கன்னு நானும் இத்தினி நாளா நம்பிகினு இருந்தேன்."