மூத்த மாப்பிள்ளையின் மணிக்கட்டு

காலத்தை ஆளப் பிறந்தவர்கள் உலகில் முந்நூறு பேர்தான் என்கிறது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் லிமிடெட் எடிஷன் வாட்சின் அட்டை. இந்த அம்பத்தூர் கடையில் அதற்கும் ஆடித் தள்ளுபடி உண்டு. மூத்த மாப்பிள்ளை கிறிஸ்துதாஸ் இடக்கையில் நீல முகம், வலக்கையில் கறுப்பு முகம் என இரண்டு குரோனோகிராஃப் வாட்சுகளையும் கட்டிக்கொண்டு, சர்ச் பூசையில் நிற்கும் சாமியார்போல் கைகளை உயர்த்தி நிற்கிறார். மஞ்சள் விளக்கொளி இரண்டிலும் வழுக்குகிறது. நீலத்தின் குமிழை அழுத்துகிறார்; சிவப்பு முள் விநாடிகளை எண்ணியபடி ஓடுகிறது. "நீலந்தான் மாமா. கையில அம்சமா உக்காருது." மாமனார் சூசைராஜின் முகம் மலர்கிறது. "இதுக்கே பில் போடும்மா. நம்ம சின்னவ ஜாஸ்லினுக்குப் பாத்திருக்கிற ஷெர்வினுக்கும் உங்க கை சைஸுதான் மாப்ள. அதான் உங்கள இட்டாந்தேன். நிச்சயத்தன்னிக்குப் போடணும்ல?" "அப்போ எனக்கு?" "உங்களுக்கு டீ சொல்லட்டா?" விற்பனைப் பெண் நீலத்தைக் கழற்றுகிறாள். பழைய வாட்ச் இருந்த இடத்தில் தோல் வெளுத்துக் கிடக்கிறது. சிவப்பு முள் இன்னும் ஓடுகிறது. எந்தக் குமிழை அழுத்தினால் நிற்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. சட்டைப்பையில் போன் அதிர்கிறது. இரு கைகளையும் படமெடுக்கச் சொல்லி, 'மாமாவின் அன்பளிப்பு, எதை எடுக்கலாம்?' என்று சற்றுமுன்தான் கிறிஸ்துதாஸ் ஸ்டேட்டஸ் வைத்திருந்தார். நீலம் என்று பதில் போட்டிருக்கிறான் ஷெர்வின்.